லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ: பழைய லேப்டாப்பில் வைஃபையை வைத்து ஒரு மதிப்பீடு

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டு இரண்டே நாளில் கைவிடுகிறவர்களிடம் காரணம் கேளுங்கள். திரை வந்திருக்கும், ஒலி வந்திருக்கும், டச்பேடும் வேலை செய்திருக்கும். வைஃபை மட்டும் வந்திருக்காது, அல்லது வந்து வந்து போயிருக்கும். அதனால் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை (எடைகுறைந்த டெஸ்க்டாப் கொண்டது) இங்கே அந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறோம். வால்பேப்பர், ஐகான் பற்றிய பேச்சு இதில் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 2008 முதல் 2013 வரை வந்த 64 பிட் லேப்டாப்புகளுக்கு இன்று கிடைப்பவற்றில் இது மிக நல்ல தேர்வு. ஆனால் வைஃபை ஒழுங்காக வருமா என்பதை மின்ட் முடிவு செய்வதில்லை. அடிமூடிக்குள் இரண்டு திருகில் உட்கார்ந்திருக்கும் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள வைஃபை கார்டுதான் முடிவு செய்கிறது. அதன் எண்ணைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பாதித் தொல்லை வராது.

மின்ட் 22 2024 ஜூலையில் வெளிவந்தது, உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. பழைய இயந்திரத்துக்கு இந்த ஆயுள் முக்கியம். 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி என்று மின்ட் தரப்பே சொல்கிறது. பிரவுசரைத் திறந்து வேலை செய்யப்போகிறவர்கள் 4 ஜிபியையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் வட்டுக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் மாற்றம் எந்த மென்பொருளாலும் கிடைக்காது. செயலி 64 பிட்டாக இருக்க வேண்டும். கோர் 2 டியோ என்றால் சரி. பென்டியம் எம், முதல் தலைமுறை கோர் டியோ, நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 இவையெல்லாம் 32 பிட் மட்டுமே. அவற்றில் இது துவங்கவே துவங்காது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு மின்ட்டின் இன்னொரு வடிவமான, டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட எல்எம்டிஇ 6-இல் 32 பிட் பதிப்பு வந்தது. டெபியன் 13 32 பிட் நிறுவலைக் கைவிட்டுவிட்டதால் அந்தப் பாதை இனி நீளப்போவதில்லை.

நிறுவுமுன் செய்ய வேண்டியது

மின்ட்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைப் பதிவிறக்கியதும், கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் அதன் எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். பாதியில் கெட்டுப்போன கோப்பால் வரும் கோளாறுகள் வன்பொருள் கோளாறு போலவே தோற்றமளிக்கும். நாள் முழுக்க அலைக்கழிக்கும். 8 ஜிபி பென்டிரைவ் தாராளமாகப் போதும். அதிலிருந்து துவக்கினால் நிறுவாமலேயே முழு டெஸ்க்டாப் வந்துவிடும். இந்த லைவ் அமர்வுதான் உண்மையான சோதனைக்களம். வைஃபை பட்டியல் தெரிகிறதா, இணைகிறதா, ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது நிற்கிறதா, மூடியை மூடித் திறந்தபின் திரும்ப இணைகிறதா என்று நான்கையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கார்டுகள் உறக்கத்திலிருந்து எழும்போதுதான் அடிக்கடி மயங்கும்.

அடுத்து டெர்மினலைத் திறந்து, கணினிக்குள் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, ஒரு ஹைஃபனும் அதை ஒட்டி என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து இயக்குங்கள். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று வரும் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளர்: 8086 என்றால் இன்டெல், 168சி என்றால் ஏதெராஸ், 14ஈ4 என்றால் பிராட்காம், 10ஈசி என்றால் ரியல்டெக், 1814 என்றால் ராலிங்க். இரண்டாவது எண் சிப். அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்றொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி, டிரைவர் என்பது அது கார்டை இயக்க உதவும் மென்பொருள்). இருந்தால் டிரைவர் பிடித்துவிட்டது, மீதியெல்லாம் சீரமைப்பு வேலை. அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை. வரி இருந்தும் வைஃபை இல்லை என்றால் கெர்னலின் செய்திப் பதிவான டிஎம்இஎஸ்ஜியில் ‘ஃபர்ம்வேர்’ (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி அங்கே நிற்கும்.

எழுத்தில் வரும் பெயரை நம்பாமல் எண்ணை நம்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 14ஈ4:4312 என்று வருவது உண்மையில் பிசிஎம்4311 சிப். பிசிஎம்4312 சிப்புக்கு வருவதோ 14ஈ4:4315. பெயரை வைத்து இணையத்தில் வழி தேடினால் வேறொரு சிப்புக்கான மருந்தை இதற்குக் கொடுப்பீர்கள்.

ஏதெராஸ், இன்டெல்

ஏதெராஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏஆர்9285, ஏஆர்9280, ஏஆர்9287 போன்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் சிப்புகளுக்கான ஏடிஎச்9கே டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் கோப்பும் தேவையில்லை. பென்டிரைவைச் செருகித் துவக்கிய முதல் நிமிடத்திலேயே வைஃபை வந்து நிற்கும். இன்டெலுக்கு ஃபர்ம்வேர் வேண்டும். அது மின்ட்டின் ஐஎஸ்ஓவிலேயே வருகிறது. 5100, 6200, 6205, 6300 எல்லாம் கைவைக்காமல் ஓடும். அவற்றுக்கு முந்தைய 3945, 4965 இரண்டும் தனி டிரைவரில் ஓடுகின்றன. 4965 வேலைக்கு நடுவே ‘மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர்’ என்று பதிவில் எழுதிவிட்டு விழுந்தால், ஐடபிள்யூஎல்4965 டிரைவருக்கு 11என்_டிசேபிள்=1 என்ற விருப்பத்தைக் கொடுங்கள். வேகம் 54 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இறங்கும், ஆனால் இணைப்பு அறுபடாமல் நிலைக்கும்.

பிராட்காம்

இங்கேதான் மின்ட் தன் மதிப்பைக் காட்டுகிறது, இங்கேதான் சறுக்கவும் செய்கிறது. பிராட்காம் கார்டுகளுக்கு மூன்று டிரைவர்கள் உண்டு. பி43 என்பது திறந்த டிரைவர், ஆனால் அதற்குத் தேவையான ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அதை எந்த ஐஎஸ்ஓவிலும் சேர்த்து வைக்க முடியாது. நிறுவும் நேரத்தில் பிராட்காமின் பழைய டிரைவர் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்க வேண்டும். பிஆர்சிஎம்எஸ்மேக் என்பது இன்னொரு திறந்த டிரைவர், பிசிஎம்4313 போன்ற சில சிப்புகளுக்கு. அதன் ஃபர்ம்வேர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது, டபிள்யூஎல் என்னும் பிராட்காமின் சொந்த மூடிய டிரைவர். அதன் கடைசி வெளியீடு 6.30.223.271, வந்தது 2015-இல். அதற்குப்பின் வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் அதை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் விநியோகங்களைப் பராமரிப்பவர்கள்தான். அவர்கள் உழைப்புக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

எந்தச் சிப்புக்கு எது? பிசிஎம்4306, பிசிஎம்4318 போன்ற முதியவற்றுக்கு பி43 மட்டுமே வழி. பிசிஎம்43142, பிசிஎம்4352, பிசிஎம்4360 ஆகியவற்றுக்கு டபிள்யூஎல் மட்டுமே. 14ஈ4:4315-க்கு இரண்டும் ஓடும். பிசிஎம்4313-க்கு முதலில் பிஆர்சிஎம்எஸ்மேக் தானாக ஏறும். சிக்னல் பலவீனமாக இருந்தால் டபிள்யூஎல் போட்டுப் பாருங்கள்.

மின்ட்டின் பாராட்டத்தக்க வேலை இது: இணையம் இல்லாத நிலையில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவையே மென்பொருள் களஞ்சியமாக ஏற்றுக்கொண்டு டபிள்யூஎல்லை அதிலிருந்து நிறுவிக்கொடுக்கிறது. வைஃபை டிரைவரை இறக்க வைஃபை வேண்டும் என்ற பூட்டு இப்படித் திறக்கிறது. அதனால் நிறுவி முடித்த கையோடு பென்டிரைவை அழித்துவிடாதீர்கள். லைவ் அமர்வில் போட்ட டிரைவர் கணினியை அணைத்ததும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவியபின் ஒருமுறை மறுபடி போட வேண்டும்.

பி43 தேவைப்படும் சிப்புக்கு இந்த வசதி உதவாது. லேன் கேபிள் இருந்தால் அதைச் செருகுங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டால், அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் கம்பி இணைப்பாகவே உடனே தெரியும். பிறகு ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற பொதியை நிறுவி மறுதுவக்கம் செய்தால் போதும். முன்பே டபிள்யூஎல் போட்டுப் பார்த்திருந்தால் அதை ‘பர்ஜ்’ கட்டளையால் வேரோடு நீக்கிவிட்டு இதற்கு வாருங்கள். டபிள்யூஎல் பொதி, பி43 ஏறாதபடி ஒரு தடைப்பட்டியல் கோப்பைப் போட்டு வைக்கிறது. அது தங்கிவிட்டால் ஃபர்ம்வேர் சரியாக இருந்தும் வைஃபை எழாது, காரணமும் புலப்படாது.

டபிள்யூஎல்லில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இது டிகேஎம்எஸ் முறையில் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படுகிறது. கோர் 2 டியோவில் சில நிமிடம் ஆகும். நின்றுவிட்டது என்று எண்ணி இடையில் அணைக்காதீர்கள். கெர்னல் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் மறுபடி தொகுப்பு நடக்கும். என்றாவது அது தோற்றால் மறுதுவக்கத்துக்குப் பின் வைஃபை காணாமல் போகும். அப்போது துவங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்து கிரப் என்னும் துவக்கப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை திரும்பி வரும். இதற்காகவே பழைய கெர்னல் ஒன்றை நீக்காமல் வைத்திருப்பது நல்லது. இரண்டாவது, 2012-க்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது) லேப்டாப்புகளில், கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, மறுதுவக்கத்தில் ‘எம்ஓகே மேனேஜ்மென்ட்’ என்ற நீலத்திரை வரும். அதில் ‘என்ரோல்’ கொடுத்து அதே கடவுச்சொல்லை இட வேண்டும். நீலத்திரையைக் கண்டு பயந்து தொடர்ந்துவிட்டால் டிரைவர் ஏறாது.

கதவு பூட்டியிருக்கிறதா?

டிரைவர் சரி, ஃபர்ம்வேர் சரி, ஆனாலும் ‘வைஃபை முடக்கப்பட்டுள்ளது’ என்று வந்தால் வைஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையை இயக்கிப் பாருங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு’ என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் போதும். ‘ஹார்டு பிளாக்டு’ என்றால் மென்பொருளால் திறக்க முடியாது. லேப்டாப்பின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நகத்தளவே இருக்கும், பையில் போட்டு எடுக்கும்போது நகர்ந்துவிடும். சுவிட்சே இல்லாத லேப்டாப்பில் ஹார்டு பிளாக் காட்டினால், சில லெனோவோ ஐடியாபேடுகளில் ஐடியாபேட்_லேப்டாப் மாட்யூலும் (கெர்னலில் ஏறும் சிறு டிரைவர்), சில ஏசர்களில் ஏசர்_டபிள்யூஎம்ஐ மாட்யூலும் தவறான நிலையைச் சொல்வது உண்டு. மாட்யூலைத் தற்காலிகமாக இறக்கிப் பார்த்து, சரியானால் தடைப்பட்டியலில் சேருங்கள்.

இணைகிறது, ஆனால் அறுகிறது

மின்ட் மீது சொல்ல வேண்டிய உறுதியான குறை இதுதான். உபுண்டுவிலிருந்து வரும் இயல்புநிலை அமைப்பு வைஃபையின் மின்சேமிப்பை இயக்கி வைக்கிறது. புதிய கார்டுகளுக்கு அது பொருந்தும். பழையவற்றில் தாமதமும் துண்டிப்பும் வரக் காரணமாகிறது. பழைய இயந்திரங்களுக்கென்றே பலரும் எடுக்கும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பிலாவது இதை அணைத்துத் தந்திருக்கலாம். இடிசி கோப்புறையில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி, அங்கே பெயரில் பவர்சேவ் என்ற சொல் உள்ள கோப்பைத் திறந்தால் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருக்கும். 3 என்றால் இயக்கம், 2 என்றால் நிறுத்தம். 2 ஆக்கிச் சேமித்து நெட்வொர்க்மேனேஜரை மறுதுவக்குங்கள்.

ரியல்டெக் ஆர்டிஎல்8188சிஇ, ஆர்டிஎல்8192சிஇ வைத்திருப்பவர்களுக்கு இது மட்டும் போதாமல் போகலாம். ஆர்டிஎல்8192சிஇ டிரைவருக்கு ஐபிஎஸ்=0, எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0 என்ற இரண்டு விருப்பங்களையும் மோட்புரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதிவையுங்கள். சற்றுப் பிந்தைய ஆர்டிஎல்8723பிஇ கார்டின் கோளாறு வேறு மாதிரி: ரவுட்டர் பக்கத்திலிருந்தால் சிக்னல் வரும், நான்கடி தள்ளினால் போய்விடும். பல லேப்டாப்புகளில் அதற்கு ஒரே ஓர் ஆன்டெனாதான், டிரைவரோ மற்ற முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த டிரைவருக்கும் இதேபோல் ஏஎன்டி_செல்=1 என்ற விருப்பத்தைக் கொடுங்கள், பலிக்காவிட்டால் ஏஎன்டி_செல்=2. இரண்டில் ஒன்றில் சிக்னல் எழுந்து நிற்கும்.

ரவுட்டர் பக்கத்தையும் மறக்க வேண்டாம். கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுபடி மறுபடி கேட்டால், ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்புக்கு மாற்றினால் பழைய கார்டு உள்ளே வரும். மற்ற கருவிகளுக்கெல்லாம் தெரியும் நெட்வொர்க் இந்த லேப்டாப்புக்கு மட்டும் தெரியவில்லை என்றால் ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட கார்டுகள் 11-க்கு மேல் கேட்பதில்லை. 1, 6, 11 மூன்றில் ஒன்றில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியாது, அது கோளாறு இல்லை.

கார்டையே மாற்றினால்

பிசிஎம்4312 போன்ற கார்டு 54 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மேல் போகாது. கோப்பு இறங்கும் உண்மை வேகம் அதில் பாதிகூட வராது. அந்த இடத்தில் டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட கார்டை மாற்றுவது நல்லது. அக்காலத்து லேப்டாப்புகளில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு: முழு அளவு 30-க்கு 51 மில்லிமீட்டர், அரை அளவு 30-க்கு 27. அரை அளவு கார்டை முழு அளவு இடத்தில் பொருத்த சிறு நீட்டிப்புத் தகடு தேவைப்படும். வாங்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள். லெனோவோ திங்க்பேட், எச்பி லேப்டாப்புகள் பலவற்றின் பயாஸில் அனுமதிப் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத கார்டைப் பொருத்தினால் திங்க்பேட் 1802 என்ற பிழை எண்ணோடு துவங்க மறுக்கும், எச்பி 104 என்று சொல்லும். அந்த மாடலோடு தொழிற்சாலையிலேயே வந்த இன்டெல் அல்லது ஏதெராஸ் கார்டைத் தேடி எடுப்பதுதான் வம்பில்லாத வழி.

சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டுத் திறங்கள். ஆன்டெனா கம்பிகள் இரண்டோ மூன்றோ இருக்கும்; எது எந்த முனையில் என்று படம் எடுத்துக்கொண்டு, கம்பியை இழுக்காமல் பித்தளைத் தலைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர்மேலே நெம்புங்கள். இந்த யூ.எஃப்எல் முனைகள் சுமார் 30 தடவை கழற்றி மாட்டுவதற்கே செய்யப்பட்டவை. ஒவ்வொரு சோதனைக்கும் கழற்றினால் பிடிமானம் போய்விடும். மாட்டும்போது நேராக வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி விரலுக்குத் தெரியும். அது கேட்காவிட்டால் உட்காரவில்லை, சிக்னல் ஒரு கோடுதான் காட்டும்.

சுவிட்ச் உடைந்து நிரந்தர ஹார்டு பிளாக்கில் மாட்டிக்கொண்ட லேப்டாப்புக்கு இந்தக் கார்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 52 முனைகளில் 20-ஆவது முனைதான் முடக்கும் சமிக்ஞையைக் கொண்டுவருகிறது. இரட்டைப்படை எண்கள் வரும் பக்கத்தில், நடுப்பள்ளத்துக்கு ஒருபுறம் 8 முனைகள் இருக்கும். பள்ளத்தைத் தாண்டி மறுபுறம் இரண்டாவதாக இருப்பது 20. அதன்மேல் மட்டும் மெல்லிய இன்சுலேஷன் டேப்பை நூலளவில் வெட்டி ஒட்டிப் பொருத்தினால் கார்டுக்கு அந்தச் சமிக்ஞை போகாது. பக்கத்து முனையை மூடிவிட்டால் கார்டே தெரியாமல் போகலாம். ஒட்டியபின் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

திறக்க மனமில்லாதவர்களுக்கு யூஎஸ்பி டாங்கிள். ஏஆர்9271 சிப் உள்ளது 2.4 கிகாஹெர்ட்ஸில் 150 எம்பிபிஎஸ் வரை இணையும், இதன் ஃபர்ம்வேரின் மூலநிரலே திறந்து வெளியிடப்பட்டிருக்கிறது, மின்ட்டில் செருகியதும் ஓடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மீடியாடெக்கின் எம்டி7610யூ அல்லது எம்டி7612யூ சிப் உள்ளதைப் பாருங்கள், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. கடையில் அட்டைப்பெட்டியின் மேலுள்ள மாடல் பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில் முதல் பதிப்பில் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ். பதிப்பு எண் பெட்டியின் அடியில் பார்கோடுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ‘வி1’ என்று இருந்தால் மட்டும் எடுங்கள்.